தெல்லிப்பழையில் ஆங்கிலம் படித்த பையன்
சி. வை. தாமோதரம்பிள்ளை (1832 - 1901)

மாணவர்களே, தமிழ்மொழியும் இலக்கியமும் வினாத்தாளுக்கு ஆயத்தஞ் செய்யும்போது உங்களிற் பலர் அஞ்சுவது இரண்டு பகுதிகளுக்கு. ஒன்று அருஞ்சொற்பொருள். மற்றது அணி. ஐம்பது சொற்களை இடப்பக்கத்திலும் அவற்றின் பொருளை வலப்பக்கத்திலும் எழுதி வைத்துப் பாடமாக்குவீர்கள். பரீட்சை மண்டபத்தில் ஒரு சொல் வேறு வரியில் வேறு பொருளோடு வந்து நிற்கும். அப்போது பாடமாக்கியது உதவாது. தற்குறிப்பேற்றம், உள்ளுறை, இறைச்சி என்ற பெயர்கள் நினைவில் இருக்கும். கொடுத்த செய்யுளில் அவை எங்கே உள்ளன என்பது தெரியாது. இந்தக் கைந்நூலின் பின்னிணைப்பிலும் அப்படிப்பட்ட சொற்பட்டியல் ஒன்று உண்டு. அதைத் தொகுத்த நாமே சொல்கிறோம், அது மட்டும் போதாது.

ஏன் போதாது என்பதை ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டு விளக்கலாம். நீங்கள் பாடமாக்கும் அந்த அணிப் பெயர்களும் அகப்பொருட் பெயர்களும் எந்த நூல்களில் உள்ளனவோ, அந்த நூல்களிற் பலவற்றை அழியவிடாமல் அச்சேற்றியவர் அவர். சி. வை. தாமோதரம்பிள்ளை என்ற பெயரை ஒரு மதிப்பெண் வினாவுக்கு உரிய பெயராக மட்டும் நீங்கள் அறிந்திருக்கக்கூடும்.

அவர் 1832 செப்ரெம்பர் 12ஆம் திகதி புத்தூருக்கு அண்மையிலுள்ள சிறுப்பிட்டியிற் பிறந்தார். தந்தையார் வைரவநாதபிள்ளை, தாயார் பெருந்தேவி. தந்தையார் ஆசிரியர் ஆகையால் முதற் பாடங்கள் வீட்டிலேயே நடந்தன. பின்பு சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலம் கற்பதற்குத் தெல்லிப்பழை அமெரிக்க மிசன் பாடசாலைக்குச் சென்றார். அமெரிக்க மிசனைச் சேர்ந்த டானியல் பூவர் 1816இல் தெல்லிப்பழையிற் கல்விப் பணியைத் தொடங்கியவர். இன்றைய யூனியன் கல்லூரி தன் தொடக்கத்தை அந்த ஆண்டிலேயே வைத்து எண்ணுகிறது. சிறுப்பிட்டிக்கும் தெல்லிப்பழைக்கும் இடையிலுள்ள தூரம் இன்று சைக்கிளிற் போனாலும் வேர்வை தருவது. பஸ்ஸோ சைக்கிளோ இல்லாத காலத்தில் அது எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பாருங்கள்.

அக்காலத்து மாணவன் சொற்களை எவ்வாறு கற்றான் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நிகண்டே அவனுக்கு அகராதி. மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டில் 12 தொகுதிகள் உள்ளன. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள் என்று சொற்கள் இனம் இனமாகச் செய்யுளில் அடுக்கப்பட்டிருக்கும். பதினோராந் தொகுதி சற்று வேறானது. ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைத் தருவது அது. மா என்ற ஓரெழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மாமரம், விலங்கு, குதிரை, பெருமை, திருமகள், ஒரு நில அளவு எல்லாம் அதன் பொருள்களே. நிகண்டு கற்ற மாணவன் செய்யுளில் 'மா' வந்தவுடன் ஒரு பொருளை எழுதிவிட மாட்டான். ஆறையும் முன்னே வைத்து, இந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று பார்ப்பான். இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் ஒரு பொருள் என்று படிக்கும் நமக்குக் கிடைக்காத பழக்கம் இது. நிகண்டுக் கல்வியை வெறும் நெட்டுரு என்று பிற்காலத்தார் பழித்ததுண்டு. அந்தப் பழிப்பிற் பாதியே நியாயம்.

தாமோதரம்பிள்ளை சிறுவனாக இருந்தபோது மற்றொரு மாறுதலும் நடந்தது. 1842இல் மானிப்பாய் அமெரிக்க மிசன் அச்சகத்திலிருந்து யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. மானிப்பாய் அகராதி என்றும் அதைச் சொல்வர். 58 ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள், செய்யுளாக அன்றி அகர வரிசையில். ஆகவே அந்தத் தலைமுறை இரண்டு கரைகளில் நின்றது. காதால் கேட்டு வாயால் சொல்லிப் பழகிய நிகண்டு ஒரு கரை. கண்ணால் தேடி எடுக்கும் அகராதி மறு கரை. இரண்டிலும் நீந்தத் தெரிந்தவர்களுள் தாமோதரம்பிள்ளை ஒருவர்.

1844இல், பன்னிரண்டு வயதில், வட்டுக்கோட்டை செமினரியிற் சேர்ந்தார். 1823இல் நிறுவப்பட்ட அந்த உயர்கல்விச்சாலையில் ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானசாத்திரமும் கற்பிக்கப்பட்டன. 1852இற் படிப்பை முடித்துக்கொண்டு கோப்பாய்ப் போதனா வித்தியாசாலையில் ஆசிரியரானார். இருபது வயதளவில் நீதிநெறி விளக்கத்தை உரையோடு பதிப்பித்தார். நீங்கள் உயர்தரம் முடித்துப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் வயது அது.

யாழ்ப்பாணத்தில் இருந்து பின்பு சென்னைக்குச் சென்ற பேர்சிவல் பாதிரியார் அங்கே தினவர்த்தமானி என்ற பத்திரிகையை நடத்தினார். அதன் ஆசிரியர் பொறுப்புக்கு அவர் அழைத்தது தாமோதரம்பிள்ளையை. சென்னையில் இருந்த அந்தக் காலத்திலேதான் நம் கதைக்கு வேண்டிய பரீட்சை வருகிறது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் அதே ஆண்டில் பல்கலைக்கழகங்கள் தோன்றின. மூன்றுக்கும் இலண்டன் பல்கலைக்கழகமே மாதிரி. சென்னையில் நடந்த முதலாவது பிரவேசப் பரீட்சையிலும் அதைத் தொடர்ந்து நடந்த முதலாவது பி.ஏ. பரீட்சையிலும் தாமோதரம்பிள்ளை தோற்றினார். இவ்விடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அவருக்கு வழிகாட்டி நூல் இல்லை. மாதிரி வினாத்தாள் இல்லை. கடந்தகால வினாத்தாள் எதுவுமே இல்லை, ஏனெனில் அதுவே முதற் பரீட்சை. எந்தச் சொல் வரும், எந்தச் செய்யுள் வரும் என்று எதிர்வுகூற ஒருவரும் இல்லை. கையில் இருந்தது தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் படித்ததும், சுன்னாகத்திற் கவிராயர் முன்னிலையிற் கேட்டதுமே.

அந்த முதற் பி.ஏ. பரீட்சையில் இருவர் சித்தியடைந்தனர். இருவரும் யாழ்ப்பாணத்தவர். மற்றவர் சுதுமலையைச் சேர்ந்த கறோல் விசுவநாதபிள்ளை. வட்டுக்கோட்டையில் ஆசிரியராக இருந்தவர், தமிழிற் பீசகணித நூல் எழுதியவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரி என்ற பெயர் தாமோதரம்பிள்ளைக்கே வழங்குகிறது.

பட்டம் பெற்றவருக்கு உத்தியோகம் தேடி வந்தது. கள்ளிக்கோட்டை அரசாங்கக் கல்லூரியில் ஆசிரியர், பின்பு சென்னையில் அரசாங்கக் கணக்குச்சாலையில் உயர் அதிகாரி. வேலை செய்துகொண்டே சட்டம் படித்து 1871இல் பி.எல். பட்டமும் பெற்றார். ஓய்வுபெற்றபின் கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்தார். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் இருந்தார். இவற்றை விரித்து எழுதினால் ஒரு வெற்றி பெற்ற உத்தியோகத்தரின் கதை கிடைக்கும். அப்படிப்பட்டவர்கள் அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பலர் போனார்கள். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அவர்களை யாரும் பாடப்புத்தகத்திற் சேர்ப்பதில்லை.

தாமோதரம்பிள்ளை செய்த வேறொரு காரியம் கணக்குச்சாலை முடிந்த பின்னுள்ள நேரத்தில் நடந்தது.

பழைய நூல்கள் பனையோலையில் இருந்தன. நம் ஊரிற் பனைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஓலைக்கு ஆயுள் உண்டு. எழுதிய ஏட்டைச் சில தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஓலையிற் படியெடுக்கவேண்டும். படியெடுக்க ஆளில்லாமற் போனால் நூல் போய்விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை அதுவே. திருக்குறளையும் நன்னூலையும் எல்லோரும் படித்தார்கள், ஆகவே அவற்றின் ஏடுகள் பெருகின. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தைப் படிப்பவர் அரிது. படிப்பவர் இல்லாத நூலுக்குப் புதிய ஏடு ஏது? தாம் தேடிப்பிடித்த ஏடுகள் இருந்த நிலையைத் தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரைகளில் எழுதியிருக்கிறார். தொட்ட இடம் உதிர்வதும், பூச்சி அரித்த துளைகளில் எழுத்துகள் காணாமற் போவதும் அவருக்கு அன்றாட அனுபவம். தாமதித்தால் இவை அடியோடு அழிந்துவிடும் என்ற அச்சமே அவரை இந்த வேலையில் இறக்கியது.

ஏடு கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணவேண்டாம். இனித்தான் சொல்லறிவுக்குச் சோதனை. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. அடிக்கு அடி புதிய வரி இல்லை. செய்யுளையும் உரையையும் பிரித்துக் காண்பதே சிரமம்.

ஒரு சிறு பயிற்சி செய்து பாருங்கள். எரி என்றால் நெருப்பு. ஏரி என்றால் குளம். ஏட்டில் இரண்டும் ஒரே வடிவில் இருக்கும். ஒருவனுடைய சினம் பரவுவதற்கு உவமையாக அச்சொல் வந்தால் எரி என்று கொள்ளலாம். நீர் நிறைந்த ஏரி அங்கே பொருந்தாது. இது எளிது. இன்னொன்று: செறு என்றால் வயல். சேறு என்றால் உங்களுக்குத் தெரியும். உழவைப் பாடும் செய்யுளில் இந்தச் சொல் வந்தால் வயலா, சேறா? இரண்டும் அங்கே இருக்கின்றனவே. அப்போது எதுகை, தளை, ஓசை, முன்பின் சொற்கள், அந்தப் புலவரின் வழக்கு அனைத்தையும் பார்க்கவேண்டும். அதோடு செறு என்றொரு சொல் தமிழில் உண்டு என்பது முதலில் தெரிந்திருக்கவேண்டும். தெரியாதவன் சேறு என்று படித்துவிட்டு, பிழை நேர்ந்ததை அறியாமலே அடுத்த சொல்லுக்குப் போய்விடுவான். அச்சில் ஏறிய பிழை ஆயிரம் பிரதியிற் பிழையாகும். இப்படி ஒவ்வொரு சொல்லாக ஒரு முழு நூல்.

அணியறிவும் இங்கே அலங்காரத்துக்கு அல்ல, வேலைக்கு வேண்டியது. தொல்காப்பியர் உவமைக்கு நான்கு அடிப்படை சொன்னார்: வினை, பயன், மெய், உரு. நம் ஊர்ப் பொருள்களாலேயே சொல்லிப் பார்ப்போம். நூலறுந்த பட்டம் போல அலைந்தான் என்றால் ஒப்புமை வினையில். கோடையிற் கிணறு போல உதவினார் என்றால் பயனில். பனங்கிழங்கு போன்ற விரல் என்றால் மெய்யில், அதாவது வடிவில். தெல்லிப்பழைச் செம்மண் போலச் சிவந்த சால்வை என்றால் உருவில், அதாவது நிறத்தில். செய்யுளில் உவமை வந்தால் நான்கில் எது என்று கேளுங்கள். விடை கிடைத்தால் செய்யுள் விளங்கிவிட்டது. நான்கிலும் அகப்படாவிட்டால் ஒருவேளை நீங்கள் சொல்லைப் பிழையாகப் படித்திருக்கிறீர்கள். பதிப்பாசிரியருக்கும் இது ஓர் உரைகல்.

அவர் பதிப்பித்த நூல்களைப் பார்ப்போம். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரையோடு வெளிவந்தது. ஆறுமுகநாவலர் பரிசோதித்தார், தாமோதரம்பிள்ளை வெளியிட்டார். 1879இல் நாவலர் மறைந்தார். அதன்பின் பொறுப்பு முழுவதும் இவர் தோளில். 1881இல் வீரசோழியம். 1883இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம். 1887இற் கலித்தொகை. 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும். தொல்காப்பியத்தின் மற்ற அதிகாரங்களை நச்சினார்க்கினியர் உரையோடு 1890களில் வெளியிட்டார். திருவாவடுதுறை ஆதீனம் முதலிய இடங்களிலிருந்து ஏடுகளைப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தம் கைப்பணத்தையும் செலவிட்டுச் செய்தவை இவை.

இவற்றுள் இரண்டு உங்கள் வினாத்தாளோடு நேரே தொடர்புடையவை. வீரசோழியம் பதினோராம் நூற்றாண்டிற் புத்தமித்திரர் இயற்றியது. எழுத்து, சொல், பொருள், யாப்பு என்ற நான்கோடு அணியை ஐந்தாவதாகச் சேர்த்து ஐந்திலக்கணம் சொல்லும் நூல். அதன் கடைசிப் படலம் வடமொழித் தண்டியைப் பின்பற்றி அணிகளை விரிக்கிறது. தற்குறிப்பேற்றம் முதலான அணிகள் தமிழுக்கு வந்த வழி இதுவும் தண்டியலங்காரமும். பனையோலை காற்றில் அசைவது இயல்பு. தூரத்தில் வரும் பையனைப் பள்ளிக்கூடத்துக்கு வா என்று அது கைகாட்டி அழைக்கிறது என்று நீங்கள் எழுதினால், இயல்பாக நிகழ்ந்த ஒன்றின்மேல் உங்கள் குறிப்பை ஏற்றிவிட்டீர்கள். பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. தன் குறிப்பை ஏற்றுவது, ஆகவே தற்குறிப்பேற்றம். அணிப் பெயரைப் பாடமாக்குமுன் அதைப் பிரித்துப் பாருங்கள், பாதிப் பெயர்கள் தாமே பொருள் சொல்லிவிடும். (வீரசோழியப் பதிப்புரையில் தமிழிலக்கிய வரலாற்றை எட்டுக் காலமாகப் பகுத்துக் காட்டியிருக்கிறார். பின்வந்தோர் அப்பகுப்பை ஏற்கவில்லை. ஆனாலும் அப்படிப் பகுக்கவேண்டும் என்ற எண்ணமே அன்று புதியது.)

மற்றது கலித்தொகை. எட்டுத்தொகையுள் முதலில் முழுமையாக அச்சேறிய நூல் இதுவே. கடவுள் வாழ்த்தோடு 150 பாடல்கள். அகப்பொருட் பாடலில் நேரே சொல்ல இயலாததைச் சொல்லாமற் சொல்லும் வழி உள்ளுறை. வேலிப் பூவரசிலே தேனுண்ட வண்டு அந்தப் பூவை மறந்து அடுத்த வளவுக்குப் பறந்துவிட்டது என்று தோழி தலைவனிடம் கூறுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வண்டைப் பற்றித்தான் பேசுகிறாள். தலைவன் தலைகுனிகிறான். உவமையும் இல்லை, 'போல'வும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளே இன்னொரு பொருள் உறைகிறது. இதைப் பொருளதிகாரம் இலக்கணமாகச் சொல்ல, கலித்தொகை பாட்டாகக் காட்டுகிறது. இலக்கணத்தை 1885இலும் பாட்டை 1887இலும் ஒரே மனிதர் அச்சிற் கொண்டுவந்தார் என்பதை நினைவில் வையுங்கள். ஆண்டுகளையும் வையுங்கள், பொருத்துக வினாவில் வரக்கூடும்.

அறிஞர்களுக்கு மட்டும் எழுதியவர் என்று அவரை எண்ணிவிடக்கூடாது. ஆறாம், ஏழாம் வாசகப் புத்தகங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதினார். சூளாமணிக் காப்பியத்தின் கதையை வசனமாகவும் தந்தார். ஏழாலையில் ஒரு பாடசாலையை நிறுவினார். அங்கே கற்பித்தவர்களுள் ஒருவர் சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர். தண்டியலங்காரத்துக்குப் புத்துரை செய்தவரும் இலக்கியச் சொல்லகராதியைத் தொகுத்தவரும் இவரே. அருஞ்சொல்லும் அணியும் என்று நாம் தொடக்கத்தில் அஞ்சிய இரண்டுக்கும் தெல்லிப்பழையைச் சுற்றிய இந்தச் சில கிராமங்களிலேயே மருந்து தயாரானது.

வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லலாம். மிசன் பாடசாலைகளிற் படித்த தந்தை சைவத்தில் ஊன்றி நின்று சைவ மகத்துவம் எழுதினார். மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவ போதகராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்று பெயர் பெற்றார். மகனும் தமிழறிஞரே, கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர்.

1895இல் அரசாங்கம் தாமோதரம்பிள்ளைக்கு ராவ்பகதூர் பட்டம் அளித்தது. 1901 சனவரி முதலாந் திகதி சென்னையிற் காலமானார். வயது 68. எட்டுத்தொகையில் அவரால் அச்சிட முடிந்தது கலித்தொகை ஒன்றே. புறநானூற்றை அதற்குள் உ. வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்டிருந்தார். மற்றவை பிறர் கைக்காகக் காத்திருந்தன.

பிழையே செய்யாதவர் அல்லர் அவர். பொருளதிகாரப் பதிப்பில் முழு உரையையும் நச்சினார்க்கினியருடையது என்றே வெளியிட்டார். மெய்ப்பாட்டியல், உவமவியல், மரபியல் ஆகியவற்றுக்கு அவர் அச்சிட்ட உரை பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த அறிஞர்கள் உரையின் நடையையும் மேற்கோளையும் ஒப்பிட்டு நிறுவினார்கள். ஒப்பிடுவதற்கு அவர்களின் மேசையில் இருந்தது 1885இல் அவர் அச்சிட்ட புத்தகமே. பழைய குறிப்புப் புத்தகங்கள் சிலவற்றில் இந்தத் தவறு இன்னும் இருக்கலாம். உவமவியலுக்குக் கிடைக்கும் அந்தப் பழைய உரை யாருடையது என்று கேட்டால், பேராசிரியர் என்றே எழுதுங்கள்.